உரைபெயர்ப்பாளர் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

தோட்டப்புறச் சிறுவர்கள் பொலிஸ், நீதிமன்றம் என்று அலைவது பற்றிய உங்கள் தலையங்கத்தை வாசித்தேன். போதைப்பொருள், பாடசாலை இடைவிலகல், கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போய்த் திரும்பும் பிள்ளைகள் என்று காரணங்களைச் சரியாகவே சொல்லியிருந்தீர்கள். வாக்குமூலத்தைத் தமிழில் பதிய வேண்டும் என்ற கோரிக்கையும் நியாயமானது. ஆனால் மொழிப் பிரச்சினை அதோடு தீர்ந்துவிடும் என்பது போல முடித்திருக்கிறீர்கள். அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை.

மலையக நீதிமன்றங்களில் உரைபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தமிழில் சொன்ன பிறகும் விளங்காமல் நிற்கும் பையன்களை நிறையவே பார்த்திருக்கிறேன். ஒருவனுக்குப் பதினைந்து வயது இருக்கும். கைத்தொலைபேசித் திருட்டு வழக்கு. பிணை கிடைத்தது. மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணிக்கும் 12 மணிக்கும் இடையில் பொலிஸில் கையெழுத்து வைக்க வேண்டும், முறைப்பாட்டாளர் வீட்டுப் பக்கம் போகக்கூடாது, அடுத்த தவணைக்குக் கட்டாயம் வர வேண்டும், மீறினால் பிணை ரத்தாகும். இவ்வளவையும் ஒரே மூச்சில் அவனுக்குச் சொல்லியாயிற்று. விளங்கியதா என்று கேட்டதற்கு "சரிங்க ஐயா" என்றான். வராந்தாவில் வந்து என்னைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, இனி கோட்டுக்கு வரத் தேவையில்லதானே?" என்று கேட்டான். பக்கத்தில் நின்ற தாய் தலையில் அடித்துக்கொண்டார். அவன் நடிக்கவில்லை. சொன்னதில் பாதி அவனிடம் போய்ச் சேரவே இல்லை.

இப்படிப்பட்ட பிள்ளைகளில் பலருக்கு இருப்பது வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு. காது கேட்கும், வேலையும் கெட்டிக்காரத்தனமாகச் செய்வார்கள். ஆனால் நீளமான வசனத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதும், நடந்ததை முன்பின் மாறாமல் சொல்வதும் அவர்களுக்குப் பெரும்பாடு. இங்கிலாந்தில் எடுத்த கணக்கின்படி 100 பிள்ளைகளில் ஏறக்குறைய 7 பேருக்கு இது உண்டு. பெற்றோர் பேசிப் பழக்காததால் வருவதில்லை, வீட்டில் தமிழும் வெளியில் சிங்களமும் புழங்குவதாலும் வருவதில்லை. தோட்டத்துப் பையன் மந்தம் என்று யாராவது இதை வைத்துக் கதை கட்டினால் அது அபாண்டம்.

நீதித்துறைக்குள் வந்து சேரும் பிள்ளைகளிடையே இந்த எண்ணிக்கை பல மடங்கு. பிரிட்டனில் கரென் பிரையனும் அவரது குழுவினரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், தடுத்து வைக்கப்பட்டிருந்த இளைஞர்களில் 66 முதல் 90 வீதம் வரையானோரின் மொழித்திறன் சராசரிக்குக் கீழே இருந்தது. அவுஸ்திரேலியாவில் பமேலா ஸ்னோவின் ஆய்வுகளிலும் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இந்தப் பிரச்சினை. அந்தக் கணக்கை அப்படியே ஹட்டனில் கொண்டுவந்து ஒட்டச் சொல்லவில்லை. ஆனால் நம் நீதிமன்றங்களில் இது இல்லவே இல்லை என்று நினைக்கவும் முடியாது.

பொலிஸ் நிலையத்தில் இது எப்படித் தெரியும்? என்ன நடந்தது என்று கேட்டால் நடுவிலிருந்து தொடங்குவான். மறுபடி கேட்டால் வேறு மாதிரிச் சொல்வான். உடனே பொய்யன் என்று பெயர். அதற்குப் பயந்து தோளைக் குலுக்கி "தெரியாது" என்றால் திமிர். மன்னிப்புக் கேள் என்றால் தலையைக் குனிந்து "சொரி" என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடுவான், மனம் வருந்தவில்லை என்று எழுதிவிடுவார்கள். உளவளத்துணைக்கு அனுப்பினாலும் அங்கேயும் பேச்சுத்தானே மருந்து! 2018ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தத்தின்படி 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்வது குற்றமாகாது. 12க்கும் 14க்கும் இடைப்பட்ட பிள்ளைக்குப் போதிய விளக்க முதிர்ச்சி இருந்ததா என்பதை நீதவான் தீர்மானிக்க வேண்டும். வாயைத் திறந்தாலே தடுமாறும் பிள்ளையிடம் அதை எந்தக் கேள்வியால் அளப்பது?

உரைபெயர்ப்பாளர் பார்த்துக்கொள்ளட்டும் என்றும் விட முடியாது. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை உரைபெயர்ப்பை உரிமையாகத் தந்திருக்கிறது, அது பெரிய விஷயம். ஆனால் சொன்னதைச் சொன்னபடி மாற்றித் தருவதுதான் உரைபெயர்ப்பாளரின் கடமை. கேள்வியை மூன்றாக உடைத்துக் கேட்கவோ, கோணலாக வரும் பதிலை நேராக்கவோ அவருக்கு அதிகாரமில்லை. அப்படிச் செய்தால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி சும்மா இருப்பாரா? இருக்கவும் கூடாது.

அந்த வேலைக்குரியவர் பேச்சு மொழிச் சிகிச்சையாளர். அவரென்றால் திக்குவாய்க்கும், பேச்சு வராத சின்னப் பிள்ளைகளுக்கும் மட்டும்தான் என்று நம்மூரில் ஒரு நினைப்பு. ஒரு இளைஞனுக்கு எவ்வளவு நீளமான கேள்வி விளங்கும், நாள், நேரம், காரணம் எல்லாவற்றையும் அவனால் கோத்துச் சொல்ல முடியுமா என்று சோதித்து எழுதித் தரக்கூடியவர் அவர். படங்களை வரிசையாக வைத்து நடந்ததைச் சொல்லப் பழக்குவார். "விளங்கிச்சா?" என்று கேட்காமல், "இப்ப நீ என்ன செய்யணும், சொல்லு பார்ப்போம்" என்று கேட்கும்படி அதிகாரிகளையும் பழக்குவார். நியூசிலாந்தின் 2006ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் தொடர்பாடல் உதவியாளரைப் பெறும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. இங்கிலாந்தில் சாட்சிகளுக்கு இத்தகைய உதவியை அனுமதிக்கும் சட்டம் 1999இலேயே வந்தது.

இங்கே களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடம் இத்துறையில் பட்டதாரிகளை உருவாக்குகிறது. வேலை வைத்தியசாலைகளில் என்பதால் பிள்ளைதான் அவர்களைத் தேடிப் போக வேண்டும். மஸ்கெலியாவிலிருந்தோ பொகவந்தலாவையிலிருந்தோ நகரத்து வைத்தியசாலைக்கு மகனைக் கூட்டிப்போகும் தாய்க்கு அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போய்விடும். பொலிஸில் கையெழுத்துக்கு ஒரு நாள், தவணைக்கு ஒரு நாள் என்று ஏற்கெனவே போகிற வீட்டில் இதையும் எதிர்பார்க்க முடியாது.

வழக்கில் சிக்கிய பிள்ளைகளை மேற்பார்வை செய்து நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுக்கும் நன்னடத்தை சேவை மாகாணங்களிடம் இருக்கிறது. மத்திய, ஊவா மாகாண நன்னடத்தைத் திணைக்களங்கள் தமிழ் பேசும் சிகிச்சையாளர் ஒருவரையாவது நியமித்து, அவர் தவணை நாட்களில் நீதிமன்றத்துக்கே வரும்படி செய்யலாம். அதுவரைக்கும் நன்னடத்தை உத்தியோகத்தர் நீதவானுக்குக் கொடுக்கும் அறிக்கையில், பிள்ளைக்குக் கேள்விகள் விளங்கினவா, அதை எப்படிச் சோதித்தார் என்று ஒரு பந்தி சேர்த்தால் போதும். அதற்குப் புதுச் சட்டமோ வரவு செலவுத் திட்டமோ தேவைப்படாது, ஒரு சுற்றுநிருபம் போதும். அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது அந்தச் சுற்றுநிருபத்தையும் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற உரைபெயர்ப்பாளர்,
கொட்டகலை.