அண்டர்டேக்கரை மறுபடியும் களத்துக்குக் கூப்பிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் விளையாட்டுப் பக்கத்தின் ஓரத்தில் அமெரிக்க மல்யுத்த வீரர் அண்டர்டேக்கர் படத்தைப் போட்டு, "மீண்டும் களமிறங்குவாரா?" என்று நாலு வரி வந்திருந்தது. படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். அவர் இறங்க வேண்டாம். அறுபது வயதைத் தாண்டிய மனிதர் அவர், 2020-லேயே முடித்துக்கொண்டுவிட்டார், அதை நாம் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு அவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. பெட்டிக்கடையில் வாங்கிய டபிள்யூடபிள்யூஎஃப் என்ற மல்யுத்த நிகழ்ச்சியின் ட்ரம்ப் கார்டுக் கட்டில் உயரம், எடை, மார்பளவு என்று வரிசையாகப் போட்டிருக்கும், அண்டர்டேக்கர் சீட்டு கைக்கு வந்தால் அன்றைக்கு நாம்தான் ராஜா. என்னிடம் இருந்த சீட்டு நாலு மூலையும் மழுங்கி வெள்ளை நார் தெரிய ஆரம்பித்திருந்தது, ஆனாலும் பத்து சீட்டு தருகிறேன் என்று கேட்டவனுக்கும் நான் கொடுக்கவில்லை. அவருக்கு ஏழு உயிர் என்று வகுப்பில் ஒருவன் சொன்னான், எல்லோரும் நம்பினோம். டிவியில் விளக்கு அணைந்து அந்த மணிச்சத்தம் கேட்டதும் வீட்டில் யாரும் பேச மாட்டோம், கறுப்புத் தொப்பியும் நீளக் கோட்டுமாக அவர் மேடைக்கு நடந்து வந்து சேரவே சில நிமிடங்கள் ஆகும். "யார் வீட்டுத் துக்கத்துக்குடா வர்றான் இவன்?" என்று என் பாட்டி கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. பிணத்தை அடக்கம் செய்பவர் என்பதுதான் அந்தப் பெயருக்கே அர்த்தம் என்று அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது, பாட்டிக்கு மட்டும் எப்படியோ புரிந்திருக்கிறது.

இதெல்லாம் பொய்ச் சண்டைதானே என்று சொல்பவர்கள் உண்டு. யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே பேசி வைத்ததுதான், சரி. ஆனால் உடம்பு விழுவதும் அடிபடுவதும் நிஜம். 1998 ஜூனில் பிட்ஸ்பர்க்கில் இரும்புக் கூண்டின் உச்சியிலிருந்து அண்டர்டேக்கர், மேன்கைண்ட் என்ற வீரரை வர்ணனையாளர் மேசை மீது தூக்கி எறிந்தாரே, அன்றைக்கு எறிந்தவரின் காலிலும் எலும்பு முறிவு இருந்தது. 2014 ஏப்ரலில் நியூ ஆர்லியன்ஸில் பிராக் லெஸ்னரிடம் தோற்றார், வருடா வருடம் நடக்கும் ரெஸில்மேனியா என்ற பெரிய நிகழ்ச்சியில் 21 முறை தொடர்ந்து ஜெயித்த பிறகு வந்த முதல் தோல்வி. கூட்டம் வாயடைத்துப் போய் உட்கார்ந்திருந்தது. அதற்குள் அவருக்குத் தலையில் பலமான அடி, நேரே மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், அன்று பிற்பகலுக்கு மேல் நடந்த எதுவும் நினைவில் இல்லை என்று பின்னால் அவரே சொன்னார்.

அழகாக முடித்திருக்க வேண்டியது 2017-ல்தான். ஆர்லாண்டோவில் ரோமன் ரெய்ன்ஸிடம் தோற்றுவிட்டு, கையுறையைக் கழற்றி, கோட்டை மடித்து, தொப்பியை அதன்மேல் வைத்துவிட்டு, எத்தனையோ வருடமாக அந்த வேஷத்தை விட்டு வெளியே வராத மனிதர் மேடையோரம் உட்கார்ந்திருந்த மனைவியைக் குனிந்து முத்தமிட்டுவிட்டுப் போனார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆனால் அந்த ஆட்டம் அவருக்கே திருப்தியில்லை. இப்படிப் போகக் கூடாது, இன்னும் ஒரே ஒரு நல்ல சண்டை என்று திரும்ப வந்தார். அந்த ஒன்று இரண்டாகி மூன்றாகி, 2019 ஜூனில் ஜெட்டாவில் கோல்ட்பெர்க்குடன் மோதியபோது, முன்பே கம்பத்தில் தலை இடித்துக்கொண்டு நிலைதடுமாறிய கோல்ட்பெர்க் இவரைத் தூக்கிப் போட்டதில் கழுத்தும் தலையும் தரையில் மோத விழுந்தார். அப்போது வயது 54. ஒரு நொடி போய்விட்டார் என்றே நினைத்தேன். அதைப் பார்த்தவர் யாரும் இன்னொரு சண்டை கேட்க மாட்டார்கள்.

நல்லவேளை, 2020-ல் ஏஜே ஸ்டைல்ஸோடு கல்லறைத் தோட்டம் போல அமைத்த இடத்தில், ரசிகர்கள் இல்லாமல் படமாக்கிய சண்டை நன்றாக அமைந்தது, ஜெயித்து மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார். அதுதான் கடைசி. நவம்பர் 22-ல், 1990-ல் அவர் அறிமுகமான அதே தேதியில், முப்பது வருடம் கழித்து விடைபெற்றார். கொரோனா காலம், அரங்கில் ஆள் இல்லை, சுற்றிலும் திரைகளில்தான் ரசிகர் முகங்கள். பத்து முறை மணி அடித்தார்கள். இவ்வளவு பெரிய கூட்டத்தைச் சேர்த்த மனிதருக்கு அந்தக் கூட்டம் நேரில் இல்லாமல் போனதே என்ற வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

2022-ல் டல்லாஸில் மல்யுத்த ஜாம்பவான்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேம் மேடையில் பேசி முடிக்கும்போது, 'நெவர் சே நெவர்', அதாவது ஒருபோதும் மாட்டேன் என்று சொல்லிவிடக் கூடாது, என்று ஒரு வார்த்தை விட்டார், உங்கள் நிருபர் அதைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அதன் பிறகு அவர் ஒரு சண்டையும் போடவில்லை. 2024 ரெஸில்மேனியாவில் திடீரென்று வந்து ராக் என்ற வீரரைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனார், அது ஒரு நிமிட வேலை. அப்புறம் எல்எஃப்ஜி என்ற டிவி நிகழ்ச்சியில் புதிதாக வருகிற இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். எப்படி விழ வேண்டும், எப்போது எதுவும் செய்யாமல் சும்மா நிற்க வேண்டும் என்பதை அவரைவிட நன்றாக யார் சொல்லித்தருவார்கள்? அவர் இருக்க வேண்டிய இடம் அதுதான்.

அடுத்த முறை அவரைப் பற்றிச் செய்தி போட்டால், 'ஓய்வுபெற்ற மல்யுத்த வீரர்' என்று போடுங்கள், கேள்விக்குறி வேண்டாம். படம் வேண்டுமென்றால் ஆர்லாண்டோவில் மடித்து வைத்த அந்தக் கோட்டும் தொப்பியும் இருக்கிறதே, அதைப் போடுங்கள்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகர்,
திண்டுக்கல்