நம் பொது வீட்டுத் திருப்பணி நிறைவு அறிக்கை

பங்காளிகள் அனைவருக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம். பின்கட்டு ஓடு தவிர வீட்டு வேலை முடிந்தது. முகப்பிலும், வளவு என்று நாம் சொல்லும் நடு முற்றத்தின் கீழ்ப்புற அறைகளிலும் ஓர் ஆடிட்டர் அலுவலகமும் ஒரு வழக்கறிஞர் அலுவலகமும் வரும் தை மாதம் பால் காய்ச்சிக் குடிவருகின்றன.

எல்லோரும் கேட்டது வளவுத் தூண்களைப் பற்றித்தான். பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கு; மேலே ஒரு குறையும் இல்லை. கெட்டது அடிதான். எப்போதோ தூணின் பாதக் கல்லைச் சுற்றி சிமெண்ட் பூசியிருந்தார்கள். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விட்டுவிடும், சிமெண்ட் பிடித்து வைத்துக்கொள்ளும். மேற்கு மூலைத் தூணில் அந்தப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு ஆசாரி உளியை வைத்தார். தட்டாமலே விரலளவு இறங்கியது. ஈரத் தவிடு மாதிரி மரத்தூள் கொட்டியது. நான்கு தூண்கள் இப்படி இருந்தன.

தூணையே மாற்றிவிடலாம், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய தூண் கிடைக்கும் என்று சிலர் சொன்னீர்கள். நம் வீட்டைப் போன்ற ஏதோ ஒரு வீட்டை இடித்ததால்தான் அந்தத் தூண்கள் கடைக்கு வருகின்றன. குழுவுக்கு மனம் வரவில்லை. உத்திரத்துக்கு ஜாக்கி வைத்து முட்டுக் கொடுத்து, கெட்ட பகுதியை மட்டும் சாய்வாக அறுத்தோம். வீட்டின் மூன்றாம் கட்டுப் பகுதியில் கிடந்த பழைய நிலைக்காலின் தேக்கை அதில் பொருத்தி மர முளை அடித்தார்கள். ஒட்டு கண்ணுக்குத் தெரியும். மறைக்க வேண்டாம் என்று சொன்னது நாங்கள்தான்.

சுவருக்கு ஊறவைத்து அரைத்த சுண்ணாம்பு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர், கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு. வேலை இழுத்ததற்கு இதுவே காரணம்.

அலுவலகத்துக்காக எந்தச் சுவரையும் இடிக்கவில்லை. புள்ளிக்கு, அதாவது மணமான ஒவ்வொரு மகனின் குடும்பத்துக்கும், ஒன்றாகக் கட்டிய இரட்டை அறைகள் அப்படியே பயன்படுகின்றன: வெளியறையில் கட்சிக்காரர்கள், உள்ளறையில் கோப்புகள். தூணிலும் உத்திரத்திலும் ஓர் ஆணிகூட அடிக்கக்கூடாது என்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறோம். ஏசியின் வெளிப்பெட்டிகள் பின்கட்டில் இருக்கின்றன. அதன் தண்ணீர் குழாய் வழியாகத் தோட்டத்துக்குப் போகும்.

வீட்டில் அந்நியர் உட்காருவதில் ஆச்சிமார் சிலருக்கு வருத்தம் இருப்பது தெரியும். ஆனால் 1942இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்து அங்கிருந்த நம் தொழில் நிற்கும்வரை, கைப்பெட்டியும் பேரேடுமாகக் கணக்கப்பிள்ளைகள் உட்கார்ந்த முகப்பு இது. அங்கே மறுபடி கணக்கு எழுதப்போகிறார்கள் என்பது எங்களுக்கு நிறைவாக இருக்கிறது. சாமி அறையும் இரண்டாம் கட்டும் நம் வசமே. முன்னோருக்குச் செய்யும் படைப்பும் கல்யாணமும் முன்போலவே நடக்கும். அந்த நாட்களில் அலுவலகம் மூடிக்கொள்ள இருவரும் சம்மதித்திருக்கிறார்கள்.

பின்கட்டில் நாட்டு ஓடு மாற்றும் வேலை மட்டும் பாக்கி, அடுத்த மழைக்கு முன் முடித்துவிடுவோம். வரவு செலவுக் கணக்கும் ரசீதுகளும் படைப்புக்கு முந்தைய நாள் வளவில் வைக்கப்படும். வந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டுகிறோம்.