ஐம்பத்திரண்டில் இருபத்தேழு போனால்

அன்புள்ள தம்பிக்கு,

யாழினியின் கணக்கு நோட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாய். பத்தில் ஆறு தப்பு, கவனமே கிடையாது என்று கீழே ஒரு வரியும் எழுதியிருந்தாய். அந்த ஆறையும் இன்னொரு தரம் பார். 52-இல் 27 போக 35. 63-இல் 48 போக 25. 81-இல் 36 போக 55. எல்லாவற்றிலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்திருக்கிறாள். எது மேலே, எது கீழே என்று பார்க்கவில்லை. சரியாகப் போட்ட நாலும் கடன் வாங்கத் தேவையில்லாத கணக்குகள். கவனம் இல்லாத பிள்ளை ஆறு இடத்திலும் ஒரே தப்பைச் செய்யாது. அவளிடம் ஒரு விதி இருக்கிறது, அதை ஒழுங்காகப் பின்பற்றுகிறாள். விதிதான் தப்பு.

அதனால் சிவப்புப் பேனாவை எடுக்குமுன் "இதை எப்படிப் போட்டாய், சொல்லு" என்று கேள். சரியாக வந்த கணக்குக்கும் கேள். தப்புக்கு மட்டும் கேட்டால், அப்பா கேட்டாலே தப்பு என்று இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவாள். பதில் சொல்லாமல் அழித்துவிட்டு வேறு எண் எழுதத் தொடங்குவாள்.

இப்போது கழித்தலுக்கு வருகிறேன். தென்னந்துடைப்பத்தில் தடித்த ஈர்க்காகப் பார்த்து, விரல் நீளத்துக்கு நூறு நறுக்கிக்கொள். பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் பேண்ட் போடச் சொல். கட்டுகளை அவள் கையாலேயே கட்ட வேண்டும். நீ கட்டிக் கொடுத்தால் அது அவளுக்கு வெறும் கட்டு, உள்ளே பத்து இருப்பது மனதில் பதியாது. 52 என்றால் ஐந்து கட்டு, இரண்டு உதிரி. அதிலிருந்து 27 எடு என்று சொல்லிவிட்டுச் சும்மா இரு. ஏழு உதிரி எடுக்கப் போவாள், இரண்டுதான் இருக்கும். அந்த இடத்தில் ஒரு நிமிஷமாவது திணறட்டும். பெரும்பாலும் அவளே ஒரு கட்டைப் பிரிப்பாள். நாலு கட்டு, பன்னிரண்டு உதிரி. ஏழை எடுத்தால் ஐந்து, இரண்டு கட்டை எடுத்தால் இரண்டு. 25.

பள்ளியில் இதைக் கடன் வாங்குவது என்கிறோம். எனக்கு அந்தச் சொல் அவ்வளவாகப் பிடிக்காது. வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பதே இல்லையே! வீட்டில் "கட்டைப் பிரி" என்றே சொல். ஈர்க்கு வைத்து ஒரு வாரம், தினம் நாலு கணக்கு போதும். அடுத்த வாரம் ஈர்க்கு வேண்டாம். கட்டுக்கு ஒரு கோடு, உதிரிக்கு ஒரு புள்ளி என்று படம் போட்டுக் கழிக்கட்டும். மூன்றாவது வாரம் வெறும் எண்கள். படம் போடும் இந்த நடுப்படியைத்தான் வீட்டில் பலரும் தாண்டிவிடுகிறார்கள். தாண்டினால் ஈர்க்கில் சரியாக வந்தது காகிதத்தில் பழையபடி 35 ஆகிவிடும். இன்னொன்று: எண்ணைக் கட்டம் போட்ட நோட்டில் எழுதட்டும், கட்டத்துக்கு ஓர் இலக்கம். நீ அனுப்பிய படத்தில் இரண்டு கணக்கில் ஒன்றும் பத்தும் நேராக இல்லை. அது அடுத்த தொல்லையின் தொடக்கம்.

மூன்று இலக்கம் வந்ததும் நடுவில் பூஜ்யம் இருக்கிற கணக்கில் மாட்டுவாள். 304-இல் 178 கழித்தால் 126. ஆனால் 36 என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. பத்தின் இடத்தில் பூஜ்யம் இருப்பதால் அதைத் தாண்டி, நூறிலிருந்து ஒன்றை எடுத்து நேராக நாலோடு சேர்த்துப் பதினாலு ஆக்குகிறார்கள். பிறகு பத்தின் இடத்துக்கு இன்னொரு நூறு. முதலில் எடுத்த நூறில் பத்துதான் வந்து சேர்ந்தது, தொண்ணூறு காணாமல் போய்விட்டது. நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்து ஒரே ஒரு பத்து ரூபாயோடு திரும்பிவந்த மாதிரி. இதற்கு ஈர்க்கு தோதுப்படாது, தாளில் வெட்டிய விளையாட்டு ரூபாய்தான் சரி. நூறை மாற்றினால் பத்து பத்து ரூபாய், அதில் ஒன்றை மாற்றினால் பத்து ஒரு ரூபாய். கடைக்காரியாக அவள் உட்காரட்டும்.

எண்களின் பெயரிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது, அதைப் பெரியவர்கள் கவனிப்பதில்லை. தமிழில் பதின்மூன்று என்றால் பத்து முதலில் வருகிறது, மூன்று பிறகு. எழுதுவதும் அதே வரிசைதான். ஆங்கிலத்தில் 'தர்ட்டீன்' என்னும்போது மூன்று முன்னால் காதில் விழுகிறது. ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளை 13-க்கு 31 எழுதுவது இதனால்தான். 'தர்ட்டீன்', 'தர்ட்டி' குழப்பம் தனி. பதினொன்றிலிருந்து பத்தொன்பது வரை தமிழில் சொல்லி எண்ணாக எழுதச் சொன்னால் சில நாளில் சரியாகும். தமிழிலும் குழி இல்லாமல் இல்லை. எண்பது 80, எண்ணூறு 800. தொண்ணூறோ 90, தொள்ளாயிரம் 900. தொண்ணூறில் நூறு என்ற ஒலி இருக்கிறது, தொள்ளாயிரத்தில் ஆயிரம் இருக்கிறது. காதை நம்பி எழுதும் பிள்ளை 90-க்கு 900 போடும், திட்டாதே. இந்த நாலு எண்ணையும் அட்டையில் எழுதி, ஒரு வாரம் கலைத்துக் கலைத்துக் கேள். முந்நூற்று நான்கை 3004 என்று எழுதுவதும் காதுக் கணக்குதான். 300 ஓர் அட்டை, 4 சின்ன அட்டை. சின்னதைப் பெரியதன் கடைசிப் பூஜ்யத்தின் மேல் வைத்துக் காட்டு. 304 தெரியும்.

வாய்ப்பாடு பதினாறு வரைக்கும் மனப்பாடமாக ஒப்பிக்கிறாள் என்று கவிதா பெருமையாகச் சொன்னாள். ஏழெட்டு எவ்வளவு என்று திடீரென்று கேட்டுப் பார். ஓரெட்டிலிருந்து மனசுக்குள் ஓடி வந்தால் அது பாட்டு, இன்னும் வாய்ப்பாடு ஆகவில்லை. மூன்று எண்ணும் நேரத்துக்குள் பதில் வந்தால்தான் வகுத்தலுக்கு உதவும்.

கேட்க மலைப்பாக இருந்தாலும் வேலை குறைவு. பத்து வரை நூறு பெருக்கல். மூவேழும் ஏழ்மூன்றும் ஒன்று என்று பிடிபட்டால் 55 ஆகிவிடும். ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து வாய்ப்பாடுகள் எப்படியும் தெரியும். அவற்றை நீக்கினால் மிச்சம் 21. ஒன்பதை விரலில் போடலாம்: நாலொன்பது என்றால் இரு கையும் விரித்து நாலாம் விரலை மடக்கு. இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் ஆறு, 36. இப்போது 15 தான் பாக்கி. 3, 4, 6, 7, 8 ஆகியவை தங்களுக்குள் பெருக்கிக்கொள்கிறவை. அதிலும் நாலு என்பது இரட்டிப்பின் இரட்டிப்பு, எட்டு இன்னுமொரு இரட்டிப்பு. ஆறேழுக்கு ஐயேழு 35, அதோடு ஓர் ஏழு. பத்து அட்டை எடு, மூன்று புதியது, ஏழு தெரிந்தது. தினம் இரண்டு நிமிஷம். புதியதையே பத்தும் வைத்தால் மூன்றாம் நாள் அட்டையைக் கண்டாலே ஓடுவாள்.

எழுத்துக் கணக்கில் அவள் தடுமாறுவது பாதி ஆங்கிலத்தால். ஒருத்தியிடம் 12 மாம்பழம், இன்னொருத்தியிடம் 5, முதலாமவளிடம் எத்தனை அதிகம் என்று கேட்க ஆங்கிலத்தில் 'மோர்' என்ற சொல் வரும். 'மோர்' வந்தால் கூட்டு என்று யாரோ குறுக்குவழி சொல்லிக் கொடுத்திருப்பார்கள், 17 என்பாள். சொல்லைப் பார்த்துக் கணக்குப் போடும் இந்தப் பழக்கத்தை வீட்டில் வளர்க்காதே. கேள்வியை முதலில் தமிழில் அவள் வாயால் சொல்லட்டும், படம் போடட்டும். கூட்டலா கழித்தலா என்பது அதற்கப்புறம்.

தமிழ் வாசிப்புக்கு வருகிறேன். 247 எழுத்து என்று பயமுறுத்த வேண்டாம். உயிர், மெய், குறிகள் என்று கூட்டினால் அவள் பழக வேண்டியது அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. தொல்லை தருவது உகர வரிசைதான், அதில் குறி ஒரே மாதிரி வராது. மூன்று கூட்டமாகப் பிரித்துக் கொடு: கீழே காலை இறக்கும் ஙு, சு, பு, யு, வு ஒன்று, வலப்பக்கம் சுழித்து ஏறும் ஞு, ணு, து, நு, லு, று, னு ஒன்று, மிச்சம் கு, டு, மு, ரு, ழு, ளு. ஒரு நாளைக்கு ஒரு கூட்டம். அடுத்தது கொம்பு. காதில் பின்னால் விழும் ஒலிக்கான குறி கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. அதனால் 'கொ'வுக்குக் கொம்பை எழுதிவிட்டுக் காலை மறப்பாள். கொடு–கோடு, தொடு–தோடு, விடு–வீடு, படு–பாடு என்று ஜோடி ஜோடியாகச் சொல்லி எழுதச் சொல். படம்–பட்டம் மாதிரி ஒற்று விழும் இடத்துக்குக் கை தட்டச் சொல். கை ஒரு கணம் நிற்கிற இடத்தில் புள்ளி வைத்த எழுத்து இருக்கும். பம்பரத்தில் முதல் ப ஒரு மாதிரி, இரண்டாவது வேறு மாதிரி ஒலிப்பதேன் என்று கேட்டால் ஓடிப்போகாதே. மெல்லின ஒற்றுக்குப் பின்னால் வல்லினம் மெலியும்: சங்கு, பந்து, நண்டு. எட்டு வயசுக்கு இது புரியும், பிடிக்கவும் செய்யும்.

(நான் அவளுக்குக் கடிதம் எழுதினால் கவிதா ஒருமுறை பார்த்துக் கொடுக்கட்டும். 1978-இல் எழுத்து மாறுவதற்கு முன் பழகிய கை. 'லை'க்கும் 'னை'க்கும் அவசரத்தில் பழைய கொம்பு வந்துவிடுகிறது.)

வாசிக்கும்போது 'வீட்டிற்கு' என்று அச்சில் இருப்பதை 'வீட்டுக்கு' என்று படித்தால் நிறுத்தாதே. பொருள் புரிந்து படிக்கிறாள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. 'வீட்டிற்கு' என்பதை 'வாட்டிற்கு' என்று படித்துவிட்டு நிற்காமல் போனால்தான் கவலைப்பட வேண்டும். சொல் தெரியாமல் நின்றால் மனசுக்குள் ஐந்து எண்ணு. அப்புறமும் வராவிட்டால் சொல்லைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இரு, நடுவில் எழுத்துக்கூட்ட வைக்காதே. ஒரு பக்கத்தில் ஐந்து சொல்லுக்கு மேல் தடுக்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். எளிதான ஒரு பக்கத்தை மூன்று நாள் படிக்கட்டும். மூன்றாம் நாள் வேகம் தானாக வரும். முடித்ததும் கதையைப் பேச்சுத் தமிழிலேயே உன்னிடம் சொல்லட்டும்.

புத்தகத்துக்குப் பணம் கொட்ட வேண்டாம். அரசுப் பள்ளிகளுக்கு வாசிப்பு இயக்கத்தில் வந்த சின்னப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று படிவாரியாக இருக்கின்றன. ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம், அதிலும் படி உண்டு. மூன்றாம் வகுப்பு என்பதற்காக மேல்படியிலிருந்து தொடங்காதே. அரசுப் பள்ளிகளில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022-இல் வந்தபோது ஒரே வகுப்புக்குள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்ததும் இதே காரணத்தால்தான். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போ, புத்தகத்தை அவள் எடுக்கட்டும்.

நேரம்: பள்ளி விட்டு வந்து தின்றுவிட்டு, ஒரு மணி நேரம் ஓடி விளையாடிய பிறகு. கணக்கு 15 நிமிஷம், வாசிப்பு 15 நிமிஷம், வீட்டுப்பாடம் தனி. கால் தரையில் படும்படி உட்கார வை, கால் தொங்கினால் கை எழுத்தில் நிற்காது. சொல்வதெழுதுவதற்கு ஐந்து சொல் போதும். பார்த்து, மூடி, எழுதி, அவளே திறந்து சரிபார்க்கட்டும். அதே ஐந்தை மறுநாளும், மூன்று நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும் கேள். பள்ளியில் செய்துவரச் சொல்லும் மாதிரிகளை நீ இரவில் ஒட்டிக்கொண்டு உட்காராதே, கோணலாக இருந்தாலும் அவள் செய்ததே போகட்டும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதே. கரும்பலகையைப் பார்த்து எழுதியதில் தப்பும், புத்தகத்தைப் பார்த்து எழுதியதில் சரியுமாக இருந்தால் முதலில் கண் மருத்துவரிடம் காட்டு. அதுவரை எழுத்துப்பிழைக்காக ஒரு சொல்லும் சொல்ல வேண்டாம்.

வடாம் பார்சலுக்குள் ஒரு துணிப்பையில் கழுவிக் காயவைத்த புளியங்கொட்டை போட்டிருக்கிறேன். பல்லாங்குழிக்கு, குழிக்கு ஐந்தாகப் பதினாலு குழிக்கு எழுபது வேண்டும். அதற்கு மேலும் இருக்கிறது. மொத்தம் 97. எண்ணிக்கையை அவளிடம் சொல்லாதே. தரையில் கொட்டி எண்ணச் சொல்லிவிட்டுத் தள்ளி உட்கார். ஒவ்வொன்றாக எண்ணுகிறாளா, பத்துப் பத்தாகக் குவித்து எண்ணுகிறாளா, நடுவில் விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்குகிறாளா என்று பார்த்து எனக்கு எழுது. அடுத்து என்ன செய்யலாம் என்று அதை வைத்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா