எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வட்டம் நிரப்பவும் பழக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எட்டாவது படிக்கிற பிள்ளைகள் மத்திய அரசின் உதவித்தொகைக்காக எழுதுகிற என்எம்எம்எஸ் தேர்வு பற்றி உங்கள் பத்திரிகையில் நான் பார்த்ததெல்லாம் விண்ணப்பிக்கக் கடைசி நாள், ஹால் டிக்கெட், ரிசல்ட் இந்த மூன்றுதான். பிள்ளையை அதற்கு எப்படித் தயார் செய்வது என்று ஒரு வரிகூடக் கண்ணில் படவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன், பத்தாவது வரை படித்தவள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் பெரிய பெண் இந்தத் தேர்வை எழுதினாள். வகுப்பில் நன்றாகப் படிக்கிறவள், அதனால் வீட்டில் யாரும் கவலைப்படவில்லை. எழுதி முடித்து வந்தவள் பள்ளி கேட்டுக்கு வெளியே நின்று அழுதாள். 37வது கேள்வி தெரியவில்லை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறாள். 38க்கு உரிய விடையை 37க்கு நேராக இருந்த வட்டத்தில் நிரப்பிவிட்டாள், அப்படியே ஒவ்வொன்றும் ஒரு வரி மேலே ஏறிக்கொண்டே போயிருக்கிறது. 61க்கு வந்தபோதுதான் கவனித்திருக்கிறாள். கறுப்பு பால்பாயின்ட் பேனா, அழிக்கவும் முடியாது. மீதிக் கேள்விகளைப் பதற்றத்தில் எப்படி எழுதினாள் என்று அவளுக்கே ஞாபகம் இல்லை. தேறவில்லை.

அவளுக்குப் பாடம் தெரியாமல் இல்லை. விடைக்கு உரிய வட்டத்தை நிரப்பித் தருகிற ஓஎம்ஆர் தாளை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கையில் பிடித்தாள்.

இந்த உதவித்தொகை மாதம் 1,000 ரூபாய், ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை நாலு வருஷத்துக்கு மொத்தம் 48,000. வருஷ வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மேல் போகாத வீட்டுப் பிள்ளைகளுக்கு, அதுவும் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிகளில் படிக்கிறவர்களுக்கு மட்டும். எட்டாவதோடு பிள்ளைகள் நின்றுவிடக் கூடாது என்றுதான் 2008ல் மத்திய அரசு இதைக் கொண்டுவந்தது. எங்கள் லைன் வீடுகளில் அந்த ஆயிரம் ரூபாய் பெரிய தைரியம்.

இப்போது பையன் எட்டாவது. இந்தத் தடவை நானே உட்கார்ந்துவிட்டேன். தேர்வில் இரண்டு தாள், ஒவ்வொன்றிலும் 90 கேள்வி, 90 நிமிஷம். அறிவியல், சமூக அறிவியல், கணக்கு வருகிற தாள் ஏழாவது, எட்டாவது புத்தகத்திலிருந்து, அதைப் பள்ளியில் பார்த்துக்கொள்கிறார்கள். சிக்கல் மனத்திறன் தாளில்தான். அது எந்தப் புத்தகத்திலும் பாடமாக இல்லை, பழகினால்தான் வரும். பகடையில் 2க்கு எதிர்ப் பக்கம் எது என்று கேட்டால் பையன் விழித்தான். ஒரு உருளைக்கிழங்கைச் சதுரமாக வெட்டி ஆறு பக்கமும் பேனாவால் புள்ளி வைத்துக் கையில் கொடுத்தேன், திருப்பித் திருப்பிப் பார்த்தான், நாலு நாளில் கிழங்கு இல்லாமலே சொல்ல ஆரம்பித்துவிட்டான். கண்ணாடி பிம்பக் கேள்விக்கு பீரோ கண்ணாடி முன்னால் நோட்டைப் பிடித்துப் பார்த்தோம். தமிழ் மீடியம் பிள்ளைகள் ஆங்கில எழுத்து வரிசையில்தான் தடுமாறுகிறார்கள், அதற்கு இ, ஜே, ஓ, டி, ஒய் (E, J, O, T, Y) என்றால் 5, 10, 15, 20, 25 என்று மனப்பாடம் செய்துகொண்டால் மற்ற எழுத்துகளை அங்கிருந்து முன்னும் பின்னும் எண்ணிவிடலாம். இதைச் சொல்லிக்கொடுத்தது அவன் கணக்கு டீச்சர், அவருக்குப் புண்ணியம்.

பெற்றவர்களுக்கு விடை தெரிய வேண்டிய அவசியமே இல்லை. செல்போனில் 15 நிமிஷம் அலாரம் வைத்து 15 கேள்வி கொடுங்கள், ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம்தான் என்பது கைக்குப் பழகட்டும். ஓஎம்ஆர் தாளை ஜெராக்ஸ் எடுத்து அதில்தான் நிரப்பச் சொல்ல வேண்டும், நோட்டில் ஏ, பி என்று எழுதிப் பழகி ஒன்றும் ஆகாது. செக்கிங்கில் நாங்கள் பீஸைப் பத்துப் பத்தாக அடுக்கித்தான் எண்ணுவோம், தப்பு வந்தால் அந்தப் பத்துக்குள்ளேயே பிடித்துவிடலாம். அதே மாதிரி பத்துக் கேள்விக்கு ஒரு தடவை கேள்வி எண்ணையும் தாளில் இருக்கிற எண்ணையும் ஒத்துப் பார் என்று பையனுக்குச் சொல்லியிருக்கிறேன். அப்புறம், தப்பான விடைக்கு மார்க் குறைக்க மாட்டார்கள், அதனால் தெரியாத கேள்வியையும் காலியாக விட்டுவிட்டு வரக் கூடாது. இதுகூடத் தெரியாமல் எத்தனையோ பிள்ளைகள் பயந்து வட்டத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். சில பள்ளிகளில் முதல் பத்து ரேங்க் பிள்ளைகளை மட்டும் தனியாக உட்காரவைத்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். பரீட்சையில் 60 மார்க் வாங்குகிற பையன் புதிர்க் கேள்வியை நொடியில் போடுவதை நான் எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். தகுதி உள்ள எல்லாப் பிள்ளைகளையும் உட்காரவையுங்கள் சார்.

உங்களிடம் கேட்பது, தேர்வு வரைக்கும் வாரம் ஒரு நாள் அரைப் பக்கம் மனத்திறன் கேள்விகளும், பக்கத்திலேயே ஒரு வெற்று ஓஎம்ஆர் தாளும் நிஜ அளவில் போடுங்கள். எங்கள் வீட்டுக்கு உங்கள் பேப்பர் டீக்கடையிலிருந்து மறுநாள்தான் வருகிறது, பரவாயில்லை, வெட்டி எடுத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருப்பூர்.