கெடுத்தது வௌவால்

ஆசிரியருக்கு,

பிரிட்டனின் ஹேமர் திரைப்பட நிறுவனம் எடுத்த டிராகுலா படங்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, வரிசையிலேயே மோசமான படம் ‘டிராகுலா ஏ.டி. 1972’ என்று தீர்ப்பு எழுதியிருக்கிறது. ஒன்பது படங்களில் சிறந்தது 1958-இல் வந்த முதல் படம் என்பதில் வழக்கில்லை. கடைசி இடம் மட்டும் 1970-இல் வந்த ‘ஸ்கார்ஸ் ஆஃப் டிராகுலா’வுக்கே சேர வேண்டும். அதற்கு முதல் சாட்சி வௌவால்.

1958 படத்தில் ரத்தக்காட்டேரிகளை வேட்டையாடும் வான் ஹெல்சிங்காக வரும் பீட்டர் குஷிங், ரத்தக்காட்டேரிகள் வௌவாலாகவும் ஓநாயாகவும் உருமாறும் என்பதெல்லாம் கட்டுக்கதை என்று போகிறபோக்கில் சொல்லிவிடுவார். சின்ன பட்ஜெட் படத்துக்கு ஜிம்மி சாங்ஸ்டர் எழுதிய கெட்டிக்கார வசனம் அது. கம்பியில் ஆடும் வௌவால் பொம்மைக்கு அத்தோடு வேலை போயிற்று. டிராகுலாவாக நடித்த கிறிஸ்டோபர் லீயின் உயரம், கறுப்பு மேலங்கி, ரத்தம் கோத்த கண்கள் இவை மட்டும் போதும் என்று இயக்குநர் டெரன்ஸ் ஃபிஷர் நம்பினார். லீ திரையில் இருப்பது மொத்தமே பத்து நிமிடத்துக்குள்தான். கோட்டைக்கு வரும் ஹார்க்கர் என்ற பாத்திரத்திடம் பேசி முடித்தபின் அவருக்கு வசனமே கிடையாது.

வெயில் பட்டால் ரத்தக்காட்டேரி சாகும் என்பதை வான் ஹெல்சிங் முன்னதாகவே ஃபோனோகிராஃப் என்ற பழைய ஒலிப்பதிவுக் கருவியில் பேசிப் பதிவு செய்கிறார். அதனால் உச்சக்கட்டத்தில் யாரும் நின்று விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. குஷிங் நீளமான மேசைமேல் ஓடி, தாவித் திரைச்சீலையை அறுத்து இழுக்கிறார். வெயில் முதலில் விழுவது டிராகுலாவின் காலில். அது உதிர ஆரம்பித்ததும் அவனுக்குத் தப்பி ஓட வழியில்லை. உடனே குஷிங் இரண்டு மெழுகுவர்த்தித் தாங்கிகளைக் குறுக்காகப் பிடித்துச் சிலுவையாக்கி, மிச்ச உடம்பையும் வெயிலுக்குள் தள்ளுகிறார். தாங்கிகளைச் சிலுவையாக்கும் யோசனை குஷிங்குடையது என்பார்கள். முகத்தோல் பிய்ந்து வரும் இடம் பிரிட்டிஷ் தணிக்கையில் போனது. பல ஆண்டுகள் கழித்து டோக்கியோவில் இருந்த பிரதியிலிருந்து மீட்டார்கள். மீட்கப்பட்ட பதிப்பைப் பார்க்காமல் இந்தக் காட்சியை எடைபோடக் கூடாது.

இனி ‘ஸ்கார்ஸ்’. அதே ஆண்டில் சில மாதங்களுக்கு முன் வந்த ‘டேஸ்ட் தி பிளட் ஆஃப் டிராகுலா’வில் டிராகுலா செத்தது இங்கிலாந்தில், ஒரு பாழடைந்த தேவாலயத்தில். ‘ஸ்கார்ஸ்’ தொடங்கும்போதோ சாம்பல் அவனுடைய கோட்டையில், கல்மேடை மேல் இருக்கிறது. யார் கொண்டுவந்தார்கள் என்ற கேள்விக்கே இடமில்லை. ஜன்னல் வழியாக ஒரு ரப்பர் வௌவால் கொடியில் காயும் துணிபோல ஆடிக்கொண்டே வந்து, அதன்மேல் ரத்தத்தைக் கக்குகிறது. டிராகுலா எழுந்துவிடுகிறான்.

பொம்மை தெரிவதைக்கூட மன்னிக்கலாம். 1960-இல் வந்த ‘பிரைட்ஸ் ஆஃப் டிராகுலா’விலும் வௌவால் சகிக்காது. ஆனால் அதன் முடிவில் காற்றாலையின் இறக்கைகளைத் திருப்பி நிலவொளியில் சிலுவை நிழல் விழச் செய்வார் வான் ஹெல்சிங். வௌவால் அப்போதே மறந்துபோகும். ‘ஸ்கார்ஸ்’ வௌவால் கதையின் விதிகளையே கடித்துத் தின்கிறது. தேவாலயத்துக்குள் அடைக்கலம் புகுந்த பெண்களை வௌவால்களே கொன்று போடுகின்றன. பிறகு கதாநாயகியின் கழுத்திலிருக்கும் சிலுவையையும் ஒரு வௌவால் பறிக்கிறது. புனித இடமும் சிலுவையும் பயன்படாது என்றால் எதற்குப் பயப்படுவான் இந்த டிராகுலா? கடைசியில் தன் உடம்பில் பாய்ந்த இரும்புக் கம்பியைப் பிடுங்கி ஓங்குகிறான், இடி விழுகிறது, எரிந்து போகிறான். அவனைக் கொன்றது வானிலை.

பல்லை விட்டுவிட்டு ஒரு பெண்ணைக் கத்தியால் குத்துவதும், வாளைப் பழுக்கக் காய்ச்சி வேலைக்காரன் முதுகில் சுடுவதும் இதே படத்தில்தான். அதற்கு எந்த ரௌடியும் போதுமே. பிராம் ஸ்டோக்கரின் மூல நாவலில் உள்ளபடி அவன் கோட்டைச் சுவரில் ஊர்ந்து செல்லும் ஒரு காட்சி மட்டும் உருப்படி.

‘ஏ.டி. 1972’க்கு வருவோம். 1872-இல் ஓடும் கோச் வண்டிமேல் சண்டை, உடைந்த சக்கரத்தின் ஆரக்கால் டிராகுலாவின் நெஞ்சில் இறங்குவது என்று அதன் தொடக்கம் முழு வரிசையிலும் மேலான தொடக்கங்களில் ஒன்று. ஓடும் நீர் ரத்தக்காட்டேரியைக் கொல்லும் என்ற பழைய விதியைக் குளியலறை ஷவருக்குக் கொண்டுவந்ததும் நல்ல யோசனை. டிராகுலாவை இருபதாம் நூற்றாண்டு லண்டனுக்குக் கொண்டுவந்துவிட்டு, ஒரு பாழடைந்த தேவாலயத்தை விட்டு வெளியே விடாததே அதன் பெரிய குறை. படத்தில் வரும் இளைஞர் பட்டாளத்தின் பேச்சு அன்றைக்கே பழசு, ஒப்புக்கொள்கிறோம்.

1966-இல் வந்த ‘டிராகுலா: பிரின்ஸ் ஆஃப் டார்க்னஸ்’ பற்றிக் கட்டுரையில் ஒரே வரிதான். லீ ஒரு சொல்கூடப் பேசாத படம் அது. தலைகீழாகத் தொங்கவிட்ட உடலின் ரத்தம் சாம்பலில் ஊற்றி அவனை எழுப்பும் காட்சிக்காகவே இரண்டாம் இடம் தரலாம். டெக்னிஸ்கோப் அகலத்திரையில் எடுத்த படம் என்பதால், பழைய டிவிக்காக இரண்டு பக்கமும் வெட்டிய பிரதியில் பாதிச் சட்டகம் இருக்காது. படத்தின் அகலம் உயரத்தைப்போல் இரண்டே கால் மடங்குக்கு மேல் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
திரைப்பட ரசிகர்கள் சிலர்,
திருச்சி