மண்டபத்துக்கு இரண்டு பிளக்

கொங்கு நாட்டுத் திருமண மண்டப உரிமையாளர்களுக்கு,

வணக்கம். மின்சார காருக்கு சார்ஜ் வேண்டுமென்றால் அரசாங்கத்தையோ பெட்ரோல் பங்க்காரர்களையோ கேட்க வேண்டியதுதானே, எங்களிடம் ஏன் வருகிறாய் என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் கார்கள் நெடுநேரம் சும்மா நிற்கிற இடம், வீட்டை விட்டால் உங்கள் மண்டபம்தான். முகூர்த்த மாதங்களில் ஒரு கொங்குக் குடும்பம் எத்தனை கல்யாணத்துக்குப் போகிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. முதல் நாள் மாலையே போய்ச் சேர்ந்து, இணைச்சீரும் மற்றச் சீர்களும் பார்த்து, இரவு அங்கேயே தங்கி, விடிகாலை முகூர்த்தம் முடிந்து, பந்தியில் உட்கார்ந்து எழுவதற்குள் கார் உங்கள் வேப்பமரத்தடியில் பன்னிரண்டு மணி நேரம் நின்றிருக்கும்.

நான் ஓட்டுவது 24 யூனிட் பேட்டரி உள்ள சிறிய கார். அறிமுகமானபோது விளம்பரத்தில் போட்ட தூரம் 315 கிலோமீட்டர். அது சோதனைக்கூடத்தில் ஏசி போடாமல், மிதமான வேகத்தில் உருளைமேல் ஓட்டி எடுத்த கணக்கு. அந்தக் காரில் நான்கு பேர் ஏறி, பின்னால் சீர்த்தட்டும் பைகளுமாக, ஏசி போட்டு நெடுஞ்சாலையில் 90இல் போனால் 180 கிடைக்கும். கோவையிலிருந்து தாராபுரமோ கோபியோ ஏறத்தாழ 80 கிலோமீட்டர். போய்வரப் போதும் என்று காகிதத்தில் தெரியும். ஆனால் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் என்றைக்கு நேர்வழியில் போயிருக்கிறார்கள்? பெருந்துறையில் அத்தையை ஏற்ற வேண்டும். அவ்வளவு தூரம் வந்துவிட்டுக் குலதெய்வத்தைக் கும்பிடாமல் திரும்பினால் அப்பாவுக்கு மனசு கேட்காது. கரூர், நாமக்கல் கல்யாணம் என்றால் போகும்போதே பாதிக்கு மேல் தீர்ந்துவிடும்.

போதாததற்குக் காற்று வேறு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசிக் கடைசியில் கிளம்புகிற மேல்காற்று ஆவணி வரை ஓயாது. தாராபுரத்திலிருந்து பல்லடம் பக்கம் திரும்பி வரும்போது அது முகத்திலேயே அடிக்கும். 80இல் போகிற காருக்கு எதிரே 30 கிலோமீட்டர் வேகக் காற்று வீசினால், காற்றின் கணக்கில் அது 110இல் போகிற கார். தடையோ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். போகும்போது பேட்டரியில் நாற்பது சதவீதத்துக்குள் முடிந்த தூரம் திரும்பும்போது ஐம்பதைத் தொடும். ஆடியில் முகூர்த்தம் இல்லாதது எங்களுக்குக் கிடைத்த சலுகை. ஆனியும் ஆவணியும் அப்படி விட்டுவிடுவதில்லை.

விரைவு சார்ஜர்கள் நெடுஞ்சாலையில் இல்லாமல் இல்லை. முகூர்த்த நாளில் அங்கே போய்ப் பாருங்கள். பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக ஒரு குடும்பம் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும், இன்னொன்று வரிசையில் வெயிலில் நிற்கும். எண்பது சதவீதத்துக்கு மேல் ஏறுகிற வேகமும் விழுந்துவிடும். மண்டபத்தில் பன்னிரண்டு மணி நேரம் நின்ற காரை வெளியே எடுத்துவந்து, ஒரு மணி நேரம் காத்திருந்து சார்ஜ் போடுவதில் என்ன நியாயம்?

நான் கேட்பது பெரிய இயந்திரம் அல்ல. 16 ஆம்பியர் மூன்று முனை பிளக். காரோடு கொடுக்கிற சார்ஜர் அதிலிருந்து மணிக்குச் சுமார் 3 யூனிட் எடுக்கும், நாலு எச்.பி. மோட்டார் ஓடுகிற அளவு. ரிசப்ஷன் முடிந்து, மேடை விளக்கும் ஹால் ஏசியும் அணைந்த பிறகு இரவு பதினொன்றிலிருந்து காலை ஐந்து வரை போட்டாலே 18 யூனிட் ஏறும். நூற்றுமுப்பது கிலோமீட்டருக்கு அது போதும். உங்கள் மின்பளுவும் அந்த நேரத்தில் இறங்கித்தான் இருக்கும்.

பிளக் மட்டும் இருந்தால் போதாது, எர்த் சரியாக இருக்க வேண்டும். காங்கேயம் பக்கத்தில் ஒரு மண்டபத்தில், காவலாளி பெரிய மனதோடு சமையல் கட்டிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்தார். கிரைண்டருக்குப் போட்ட பிளக் அது. சார்ஜர் பெட்டியில் பச்சை விளக்கு எரிவதற்குப் பதில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. எர்த் இல்லையென்றால் அந்தப் பெட்டி மின்சாரத்தைக் காருக்குள் விடாது. மண்டப எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். கிரைண்டர் ஓடுகிறது, விளக்கு எரிகிறது, கோளாறு உங்கள் காரில்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதற்குள் சமையல்காரர் தேங்காய் அரைக்க வேண்டும், ஒயரைக் கழற்றுங்கள் என்று சத்தம் போட்டார். காரை விடுங்கள். அதே பிளக்கில் ஓடுகிற கிரைண்டரை ஈரக்கையோடு இரவு முழுவதும் தொடுகிற பெண்களுக்காகவாவது அந்த எர்த் குழியைத் தோண்டிச் சரிபாருங்கள்.

அடுத்தது பணம். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். மண்டபச் சாவி கொடுக்கும்போது மீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு, காலி செய்யும்போது மறுபடி பார்த்து, மின் கட்டணத்தைக் கல்யாண வீட்டாரிடம் தனியாக வாங்குகிறீர்கள். அப்படியிருக்க நான் ஒரு ஒயரை மாட்டினால் அது பெண்ணைப் பெற்றவர் கணக்கில் ஏறுகிறது. மொய் எழுத வந்தவன் மின்சாரத்தைக் கறந்துகொண்டு போனான் என்று மனதுக்குள் நினைப்பார்கள். நம் ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அதனால்தான் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. வாகனம் நிறுத்துகிற இடத்தில் தனி சப் மீட்டர் போட்டு, யூனிட்டுக்கு உங்களுக்கு ஆகிற விலைக்கு மேல் ஐந்து ரூபாய் வைத்து எங்களிடமே வாங்கிக்கொள்ளுங்கள். விரைவு சார்ஜரில் கொடுப்பதைப் பார்த்தால் அதுவும் எங்களுக்கு லாபம்தான்.

அந்த இணைப்பு ஜெனரேட்டர் பக்கம் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போனால் கார் சார்ஜும் நிற்கட்டும். டீசல் எரித்து என் பேட்டரியை நிரப்புவதில் உங்களுக்கும் நஷ்டம், எனக்கும் வெட்கம். ஒவ்வொரு பிளக்குக்கும், பளு மீறினால் தானே அணைகிற தனி எம்.சி.பி.யும் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி.யும் வேண்டும். தீப்பிடித்துவிடுமோ என்று பயப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது: பயப்பட வேண்டியது பந்தல் சீரியல் விளக்குக்கு இழுக்கிற மெல்லிய ஒயரில் காரை மாட்டுவதற்குத்தான். நிலையான பிளக் இருந்தால் யாரும் அந்த ஒயரைத் தேடிப் போக மாட்டார்கள்.

இதற்கு உரிமம் வேண்டுமா என்று கேட்கிறவர்களுக்கு: சார்ஜிங் நிலையம் நடத்த மின்சாரச் சட்டப்படி உரிமம் தேவையில்லை என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2018 ஏப்ரலிலேயே தெளிவுபடுத்திவிட்டது. கட்டண வகையையும் மின்பளுவையும் பற்றி மட்டும் உங்கள் பகுதி மின்வாரிய உதவிப் பொறியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

எத்தனை பிளக் என்றால், இப்போதைக்கு இரண்டு போதும். வாசலுக்கு நேரே வேண்டாம். மாப்பிள்ளை கார் நிற்கிற இடம் அது. சுற்றுச்சுவரை ஒட்டி, மழை படாத ஒரு மூலை போதும்.

ஆவணியில் தாராபுரத்தில் எங்களுக்கு ஒரு கல்யாணம் இருக்கிறது. பத்திரிகை வந்ததும் மண்டபத்துக்குப் போன் செய்து பிளக் இருக்கிறதா என்று கேட்பேன். மேலாளரிடம் சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஒரு கல்யாண விருந்தாளி