கயிற்றை இழுத்துக் கூப்பிட ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முதியோர் உடல்நலம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சர்க்கரை, உப்பு, நடைப்பயிற்சி எல்லாம் சரி, ஆனால் பேச்சுத்துணை பற்றி ஒரு வரிகூட இல்லையே! உலகத்தில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார், வருஷத்துக்கு சுமார் 8 லட்சத்து 71 ஆயிரம் மரணங்களுக்கு அதோடு தொடர்பு இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2025 ஜூன் அறிக்கை சொல்கிறது. பக்கவாதம், இதயநோய், சர்க்கரை எல்லாம் வரும் வாய்ப்பையும் கூட்டுகிறதாம்.

யாங்கோனில் நம் ஆட்கள் இருக்கும் தெருக்களைப் பாருங்கள். லிஃப்ட் இல்லாத ஆறு மாடி, ஏழு மாடிக் கட்டடங்கள். பிள்ளைகள் சிங்கப்பூர், மலேசியா என்று போய்விட்டார்கள், பணம் அனுப்புகிறார்கள், குறை சொல்ல முடியாது, ஆனால் முழங்கால் வலியோடு மேல்மாடியில் இருக்கும் அம்மாவுக்கு கரண்ட் போய்விட்டால் டிவியும் இல்லை, கொஞ்ச நேரத்தில் போனும் இல்லை. அப்புறம் மிச்சம் இருப்பது பால்கனியிலிருந்து தெருவரைக்கும் தொங்கும் கயிறுதான். கீழேயிருந்து இழுத்தால் மேலே மணி அடிக்கும், கிளிப்பில் மாட்டிய பேப்பரையோ மொகிங்கா நூடுல்ஸ் பொட்டலத்தையோ தூக்கிக்கொள்வார்கள். எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா பேப்பர் போடும் பையனிடம் தினமும் மேலேயிருந்தபடியே பேசுவார், மழையா, தங்கச்சி பள்ளிக்கூடம் போனாளா, இப்படித்தான். அவன் வராத நாளில் சோறு இறங்க மாட்டேன் என்கிறது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

பீலிக்கான் கோயில் திருவிழாவுக்குக் கூட்டமாகப் போகிறோம், அன்னதானத்துக்கு அள்ளிக் கொடுக்கிறோம். வேண்டியதுதான், ஆனால் படி இறங்க முடியாதவர்களுக்கு மற்ற நாளில் யார் இருக்கிறார்கள்? கோயில் நிர்வாகிகள் மனசு வைத்தால், ஒவ்வொரு தெருவிலும் இரண்டு பேர் காலையில் அந்தக் கயிற்றை இழுத்து "பெரியம்மா, எழுந்தாச்சா?" என்று கேட்கலாம், வாரத்தில் ஒருநாள் மாடியேறி உட்கார்ந்து பேசலாம். போகிறவர்கள் பழத்தைக் கொடுத்துவிட்டு ஓடி வந்துவிடக் கூடாது, அவர்களிடமும் ஏதாவது கேட்க வேண்டும். தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகளை அனுப்பி வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், பிழை திருத்துவதற்கே அந்தப் பெரியவர்கள் காலையிலிருந்து காத்திருப்பார்கள்.

உங்கள் இதழிலும் இதற்குக் கால் பக்கம் ஒதுக்குங்கள். எந்தத் தெருவில் தொடங்கியிருக்கிறார்கள், சேர விரும்புகிறவர்கள் எந்தக் கோயிலில் கேட்க வேண்டும் என்று போட்டால் போதும். தனியாக இருப்பவர்களின் பெயரும் விலாசமும் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, யாங்கோன்